வினாடி வினாவும் ரசப்பிரஸ்னெயும்

கன்னடத்தில் க்விஸ் போட்டியை ‘ரசப்பிரஸ்னெ’ என்கிறார்கள். ‘பிரஸ்னெ’ என்றால் அங்கே கேள்வி. தமிழில் அதே சொல் ‘பிரச்சினை’யாகிச் சிக்கலைக் குறிக்கப் போய்விட்டது. சுவையுள்ள கேள்வி என்பது கன்னடப் பெயரின் பொருள். தமிழ் தேர்ந்துகொண்ட ‘வினாடி வினா’ என்ற பெயரோ கடிகாரத்தைப் பார்க்கிறது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக அடுகோடியில் வளரும் ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டு பெயர்களும் அந்நியமல்ல. அந்தக் குழந்தைக்கு அந்நியமாக இருப்பது போட்டி மேடைதான். ஆண்டுதோறும் பள்ளிகளுக்கிடையிலான போட்டிப் பருவம் வந்துபோகிறது. மாநகரத்து ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளும் எளிய தனியார் பள்ளிகளும் அதன் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இதற்குப் பிள்ளைகளின் அறிவுக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் உண்மையான காரணங்கள் போட்டியின் விதிகளிலும் கேள்வியின் கட்டமைப்பிலும் இருக்கின்றன.

இந்த விளையாட்டு இந்தியாவில் வளர்ந்த வழி ஒரு நகரத்து ஆங்கில வழி. 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்தியதே நாட்டின் முதல் பொதுப் போட்டி என்று க்விஸ் வட்டாரங்கள் கொண்டாடுகின்றன. 1972இல் தொடங்கிய போர்ன்விட்டா க்விஸ் போட்டி வானொலி வழியாகவும் பின்னர் தொலைக்காட்சி வழியாகவும் பள்ளிப் பிள்ளைகளின் கனவாயிற்று. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘க்விஸ் டைம்’ வந்தது. பெங்களூரில் 1983இல் கர்நாடக க்விஸ் சங்கம் உருவாயிற்று. சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாக அதை நடத்திவருவது இந்நகரின் பெருமைகளில் ஒன்று. சென்னையில் சுதந்திர தினம் தோறும் நவீன் ஜெயக்குமார் நடத்திய லேண்ட்மார்க் க்விஸுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. இவை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. பத்திரிகை வாங்கும் வீட்டையும் நூலகமுள்ள பள்ளியையும் முன்னிறுத்தி எழுந்தவை. யாரும் திட்டமிட்டு எவரையும் விலக்கவில்லை. ஆனால் வாசலின் உயரம் அப்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

அந்த உயரத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2000இல் டிசிஎஸ் நிறுவனமும் கர்நாடக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து தொடங்கிய ஊரகத் தகவல் தொழில்நுட்ப க்விஸ் அவற்றுள் முதன்மையானது. சிறுநகர, கிராமப் பள்ளிகளில் 8 முதல் 12 வரை படிக்கும் மாணவர்களுக்கானது அது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஒலிம்பியாடு முதலிய போட்டிகளைப் பள்ளி மட்டத்திலிருந்து தேசிய மட்டம் வரை ஒழுங்குபடுத்த வேண்டும், அவை ஊரகப் பகுதிகளையும் வட்டார மொழிகளையும் எட்ட வேண்டும் என்கிறது. நல்ல நோக்கங்கள்தான். ஆனால் இரண்டையும் அடுகோடியில் நின்று வாசித்தால் ஓர் ஓட்டை தெரியும். ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் குடியிருக்கும் குழந்தை ‘ஊரகம்’ என்ற சொல்லுக்குள் வராது. அது ஏழாம் வகுப்பில் இருப்பதால் எட்டாம் வகுப்பில் தொடங்கும் போட்டிக்கும் வராது. பெருநகரத்தில் இருப்பதாலேயே அதற்கு எல்லாம் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடப்படுகிறது. நுழைவுக் கட்டணம், பயிற்சியாளர், வேலைநாளில் அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியர், வாகனம் என்று கேட்கும் தனியார் போட்டிகளில் அந்தக் கணக்கு உடனே பொய்த்துவிடுகிறது. கிராமத்துக்கு ஒரு கதவும் பணக்கார நகரத்துக்கு ஒரு கதவும் திறந்திருக்க, நகரத்து ஏழை இரண்டுக்கும் நடுவில் சுவரைப் பார்த்து நிற்கிறான். ‘வட்டார மொழி’ என்ற சொல்லும் அவனுக்குப் பாதிதான் உதவும்: கர்நாடகத்தில் அது கன்னடத்தைக் குறிக்கும், அவன் சிந்திக்கும் மொழி தமிழாக இருக்கலாம்.

கர்நாடகக் கல்வித் துறையிடம் இதற்கு வேண்டிய எலும்புக்கூடு ஏற்கெனவே உண்டு என்பதுதான் வியப்பு. ‘பிரதிபா காரஞ்சி’ என்ற பள்ளித் திறன் விழா ஆண்டுதோறும் கிளஸ்டர் மட்டத்தில் தொடங்கி மாநில மட்டம் வரை ஏறுகிறது. ஒப்புவித்தல் போட்டியில் கன்னடத்தோடு தமிழ், உருது, தெலுங்கு, மராத்தி முதலிய மொழிகளுக்கும் இடமளித்த விழா அது. சிறுபான்மை மொழிப் பிள்ளையின் நாவுக்கு மதிப்பளித்த அதே அமைப்பு, அவர்களது சிந்தனைக்கும் அந்த மதிப்பை நீட்டிப்பதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மனப்பாடம் செய்து ஒப்புவிக்க ஒரு மொழி, யோசித்து விடை சொல்ல வேறொரு மொழி என்ற பிரிவினை கல்வியியல் நோக்கில் நியாயப்படுத்தக் கூடியதல்ல.

தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், சிறார் திரைப்பட மன்றம் ஆகியவற்றோடு வினாடி வினா மன்றமும் ஆறாம் வகுப்பிலிருந்தே இயங்கத் தொடங்கியது. தாய்மொழியில், நடுநிலை வகுப்பில், அரசுச் செலவில் இது இயலும் என்பதற்குச் சான்று அது. 2022 நவம்பரில் இணையவழி வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அழைத்துச் செல்லப்பட்டதும் மகிழ்ச்சியானதே. விமானத்தில் ஏறிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. அவர்களை விமானத்தில் ஏற்றிய கேள்விகள் எப்படிப்பட்டவை என்று விவாதிக்க எவருக்கும் தோன்றவில்லை. விவாதிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நாட்டின் தலைநகர் எது, ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரே வரியில் கேட்டு, மணியை முதலில் அடித்தவருக்குப் பத்து மதிப்பெண் தரும் முறை பொது அறிவு வழிகாட்டி நூல்களின் குழந்தை. விடை தெரியும் அல்லது தெரியாது. நடுவில் எதுவும் இல்லை. நூலை வாங்கியவர் வெல்வார். அமெரிக்க நடுநிலைப் பள்ளிப் போட்டிகள் பலவற்றில் வேகத்துக்கே வேறு பொருள் உண்டு. அங்கே ஒரு கேள்வி நாலைந்து வாக்கியம் நீளும். முதலில் அரிய குறிப்பு, போகப் போக எளிய குறிப்பு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கலாம். ஆழமாக அறிந்தவர் முதல் வாக்கியத்திலேயே அடிப்பார்; பாடநூலை மட்டும் படித்தவர் கடைசி வாக்கியம் வரை காத்திருப்பார். ஆகவே அங்கே வேகம் என்பது அறிவின் ஆழத்தை அளக்கும் கோல். பெங்களூரு க்விஸ் ஆர்வலர்கள் வளர்த்த மரபோ இன்னும் ஒரு படி மேலே போய், விடையை முன்பே அறியாதவரும் குறிப்புகளைக் கோத்து எட்டிப் பிடிக்கும்படி கேள்வியை அமைப்பதையே கலையாகக் கொண்டது. ரசப்பிரஸ்னெ என்ற பெயர் பொருந்துவது இதற்குத்தான். இந்தக் கலை பெரியவர்களின் அரங்கங்களில் முதிர்ந்திருக்க, பள்ளிகளுக்குப் போவது பெரும்பாலும் வழிகாட்டி நூலின் ஒற்றை வரிதான்.

வழிகாட்டி நூல்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘க்விஸ்’ என்ற சொல்லை டப்ளின் நகர நாடக அரங்க முதலாளி டேலி என்பவர் பந்தயம் கட்டி ஒரே இரவில் சுவர்களில் எழுதிப் பரப்பினார் என்ற கதை அவற்றில் அடிக்கடி வரும். அந்தக் கதைக்குச் சொல்லப்படும் ஆண்டு 1791. ஆனால் அச்சொல் அதற்கு முன்பே எழுத்தில் வழங்கியதற்குச் சான்று உண்டு. க்விஸின் பெயர்க் காரணமே க்விஸ் மேடையில் பிழையாகச் சொல்லிச் சொல்லி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுகோடிக்கு வருவோம். நவம்பர் 26 தேசியப் பால் தினம்; வர்கீஸ் குரியன் 1921இல் பிறந்த நாள். போட்டிப் பருவத்தின் நடுவே விழும் அந்த நாளைப் பற்றி ‘யாருடைய பிறந்த நாள்?’ என்ற கேள்வி தவறாமல் வரும். ஆனந்த், அமுல் என்று துணைக் கேள்விகளும் வரும். ஆனால் சென்னை லயோலாவிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்த அந்த இளைஞர், அரசு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போகுமுன் பால் தொழிலின் முதற்பாடத்தைச் சில மாதங்கள் எங்கே படித்தார்? பெங்களூரில், 1923இல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கால்நடை, பால்பண்ணைக் கல்விக்கூடத்தில். இன்று தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இருக்கும் அதன் முகவரி அடுகோடி, ஓசூர் சாலை. அவருக்கு முன்பே 1927இல், உடல்நலம் தேறுவதற்காக நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கியிருந்த காந்தி, மாடு வளர்ப்பையும் பால்பண்ணை நடத்தும் முறையையும் கற்றுக்கொள்ள மாணவராக இங்கே வந்தார். 1955இல் நிறுவனத்தின் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் பெயர்ந்தது. வளாகம் அங்கேயே நிற்கிறது.

இதிலிருந்து ஒரு ரசப்பிரஸ்னெ செய்யலாம்: ‘ஐம்பத்தேழு வயதில் ஒருவர் பெங்களூரில் இளைப்பாற வந்தார். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவரோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே கரும்பலகையைவிடத் தொழுவம் முக்கியம். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் படித்த இன்னொருவர் நாட்டுக்கே பால் கொடுத்தார். இருவரும் யார்? இடம் எது?’ வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்த குழந்தை இதில் திணறலாம். தினமும் அந்த மதில் ஓரமாகப் பள்ளிக்கு நடக்கும் குழந்தை முந்திக்கொள்ளலாம்.

தெருவுக்குத் தெரு இப்படிப்பட்டவை கிடைக்கும். 1951இல் ‘மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி’ என்று தொடங்கி அடுகோடியை ஒரு தொழிலாளர் பகுதியாக்கிய நிறுவனம் 2008இல் தன் பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டது. ‘மைக்கோ’ என்ற பழைய சுருக்கப் பெயர் பக்கத்துப் பகுதியின் காவல் நிலையப் பலகையில் இன்றும் உயிரோடிருக்கிறது. அதே பகுதியின் ‘பிடிஎம்’ என்ற மூன்றெழுத்து பைரசந்திரா, தாவரெகெரெ, மடிவாளா என்ற மூன்று ஊர்களை விழுங்கியது. எந்தப் பேருந்து நடத்துநரும் நாள் முழுக்கக் கத்தும் பெயர்தான் அது. ஒரு கிராமம் எப்படி நகரமாகிறது என்ற சமூக அறிவியல் பாடம் முழுவதும் அந்த மூன்றெழுத்தில் அடங்கியிருக்கிறது.

உள்ளூரையே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வெளியுலகப் போட்டிகளில் எப்படி வெல்வார்கள் என்ற மறுப்பு எழும். மேலே சொன்ன பால்பண்ணைக் கேள்வியே அதற்கு விடை: அது அடுகோடியில் தொடங்கி மிச்சிகனுக்கும் கர்னாலுக்கும் ஆனந்துக்கும் போகிறது. கையிலிருக்கும் தகவலோடு கோக்கப்பட்ட தூரத்துத் தகவல்தான் நினைவில் தங்கும். இன்னொரு மறுப்பு கல்வி ஆய்வாளர்களிடமிருந்தே வருகிறது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் நினைவாற்றல் போட்டி எதற்கு, இது மனப்பாடக் கல்வியின் எச்சம்தானே என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் ஒற்றை வரிக் கேள்விக்குப் பொருந்தும். குறிப்புகளைக் கோத்து ஊகிக்கச் சொல்லும் கேள்விக்குப் பொருந்தாது. தவிர, வீட்டில் புத்தக அலமாரி இல்லாத பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தலைக்குள் இருப்பதுதான் நூலகம். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களின் வீடுகளில் அலமாரிகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. கிளஸ்டர் மட்டத்தில், ஐந்தாறு பள்ளிகளுக்கிடையில், ஆறு ஏழாம் வகுப்புகளுக்கு ஒரு போட்டி. ஒவ்வொரு கேள்வியும் கன்னடத்திலும் தமிழிலும் அல்லது அப்பள்ளிகளில் புழங்கும் வேறு மொழியிலும் இரண்டு முறை வாசிக்கப்பட வேண்டும். விடையை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்க வேண்டும். மணி வேண்டாம். எல்லா அணிகளும் விடையைத் தாளில் எழுதித் தூக்கிக் காட்டும் முறை போதும். மணிமுறையில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமலே தோற்றுப்போகும் அணிகள் உண்டு. எழுதும் முறையில் ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு கேள்வியோடும் மல்லுக்கட்டியாக வேண்டும். ஒரு சுற்றின் கேள்விகளைப் பிள்ளைகளே தங்கள் தெருவிலிருந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். கேள்வி எழுதத் தெரிந்த குழந்தைக்குப் பாடநூலின் வாக்கியம் எதையும் அப்படியே விழுங்க முடியாது. ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்கத் தொடங்கிவிடும். ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் தொல்லைதான்.

நடத்த ஆள் வேண்டுமே என்றால், ஓசூர் சாலையை ஒட்டிய கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் க்விஸ் அறிந்த மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லூரி விழாக்களில் ஒருவரை ஒருவர் திணறடிப்பதற்காக அவர்கள் இரவெல்லாம் விழித்துக் கேள்வி தயாரிக்கிறார்கள். அதில் இரண்டு இரவுகளை நடந்துபோகும் தொலைவிலுள்ள ஓர் அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாம். தமிழும் கன்னடமும் ஒருசேர அறிந்த ஆய்வு மாணவர்கள் இந்நகரில் நிறையவே உள்ளனர். மொழிபெயர்ப்புக்கு அவர்கள் உதவலாம். பால் ஆராய்ச்சி நிலையத்துக்குள் நாற்பது பிள்ளைகளை ஒரு காலை நேரம் அழைத்துச் செல்ல, கிளஸ்டர் பொறுப்பாளர் அனுமதி கேட்டு எழுதும் கடிதம் ஒன்று வேண்டும். இந்த ஆண்டு நவம்பர் 26க்கு முன் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.