மலைக்கு அப்பால் ஒரு பண்ணை! நம் ஊர்க் கை எங்கே?

எரியோட்டில் நின்று வடகிழக்கே பாருங்கள். மலை தெரியும். அந்த மலைகளுக்கு நடுவே இருக்கிறது, கடவூர். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

கடவூர் பக்கத்தில் சுருமான்பட்டி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பண்ணை இருக்கிறது. அதன் பெயர், "வானகம்".

இந்தப் பண்ணைக்குச் சென்னையில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். பெங்களூரில் இருந்தும் வருகிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகள், இங்கே வந்து மண்வெட்டி பிடிக்கிறார்கள். சாணி அள்ளுகிறார்கள். தொண்டர்களாக உழைத்துவிட்டுப் போகிறார்கள்.

எரியோட்டில் இருந்து எத்தனை பேர் போனார்கள்? வடமதுரையில் இருந்து? அய்யலூரில் இருந்து? வேடசந்தூரில் இருந்து? "போனவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றால், அதிகம் கை எழாது என்றே எண்ணுகிறேன்.

பழனிக்குப் போகிறோம். கொடைக்கானலுக்குப் போகிறோம். பக்கத்தில் இருக்கும் பண்ணையை மட்டும் எட்டிப் பார்ப்பது இல்லை. கேட்டால், "பண்ணையில் பார்க்க என்ன இருக்கிறது? நம் வீட்டுக் கொல்லையில் இல்லாததா?" என்கிறார்கள்.

இல்லை ஐயா, இல்லை! நம் கொல்லையில் இப்போது அது இல்லை. அதுதான் சேதி.

வேலையை உதறியவர்

வானகத்தைத் தொடங்கியவர், நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தார். கோவில்பட்டியில் அரசாங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. மாதச் சம்பளம்.

ஆனால் அவர் மனம் ஒப்பவில்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் உரம் போட்டார்கள். வீரிய விதை போட்டார்கள். வெளியே இருந்த மானாவாரி விவசாயிக்கு அதை வாங்கக் காசு இல்லை. மழை பெய்தால்தான் வெள்ளாமை. "யாருக்காக இந்த ஆராய்ச்சி?" என்று கேட்டார். வேலையை உதறினார்.

அதன் பிறகு ஊர் ஊராய் நடந்தார். பச்சைத் துண்டு, வெள்ளைத் தாடி, இடுப்பில் ஒரு வேட்டி. நம் மாவட்டத்துக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் 2007ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

கடைசி ஆண்டுகளில் அவர் தேடிப் பிடித்த இடம்தான் வானகம். வளமான வயலை அவர் தேடவில்லை. காய்ந்து கிடந்த நிலத்தை எடுத்தார். மழை நீர் ஓடிவிடாமல் குழி வெட்டினார்கள். வரப்புப் போட்டார்கள். மரம் நட்டார்கள். கலப்புப் பயிர் விதைத்தார்கள். "இந்த மண்ணில் முடியும் என்றால், எந்த மண்ணிலும் முடியும்" என்று காட்டுவதுதான் எண்ணம்.

2013 டிசம்பர் 30ந் தேதி, பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அவர் காலமானார். தஞ்சை வட்டாரத்தில் மீத்தேன் எடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்யப் போயிருந்த நேரம். உடலை வானகத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கேயே மண்ணுக்குள் வைத்தார்கள். "புதைத்தோம்" என்று அவரைச் சேர்ந்தவர்கள் சொல்வது இல்லை. "விதைத்தோம்" என்றே சொல்கிறார்கள்.

பெரியவர் போய்விட்டால் பண்ணையும் போய்விடும் என்று பலர் நினைத்திருப்பார்கள். எத்தனையோ நல்ல காரியங்கள் அப்படித்தான் போயின. ஆனால், இது போகவில்லை. தொண்டர்கள் கைவிடவில்லை. பயிற்சி முகாம் நடக்கிறது. ஆண்டுதோறும் நினைவு நாளில் விவசாயிகள் கூடுகிறார்கள்.

இரண்டு படி கொடு, நாலு படி வாங்கு!

இதே போல இன்னொரு கதை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கம் என்று ஒரு கிராமம். அங்கே 2006ஆம் ஆண்டில் நெல் திருவிழா தொடங்கியது. நடத்தியவர், "நெல்" ஜெயராமன். அழிந்துபோக இருந்த பழைய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று 170 ரகம் இருக்கும்.

அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இனாம். அடுத்த ஆண்டு அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். வட்டிக் கடையில் இந்தக் கணக்கைக் கேட்டால் நெஞ்சு அடைத்துவிடும். விதைக்கு மட்டும் இது நியாயமான வட்டி. இரண்டு கிலோ விதைத்தவன் வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருக்குமே! நாலு கிலோ கொடுப்பது ஒரு பாரமா?

ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானார். புற்றுநோய். வயது ஐம்பதுதான். ஆனால் விதை நின்றுவிடவில்லை. வீட்டுக்கு வீடு போய்விட்டது அல்லவா!

வெளிநாட்டிலும் இது உண்டு. சுவீடன் நாட்டின் தலைநகரம் ஸ்டாக்ஹோமில், 1891லேயே ஸ்கான்சன் என்று ஒரு திறந்தவெளிக் காட்சிசாலை தொடங்கினார்கள். பழைய விவசாயிகள் வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்தந்தப் பருவத்துக்கு அந்தந்தத் திருவிழா நடக்கும். இங்கிலாந்தில் ஜோ ஹென்சன் என்ற விவசாயி 1971ல் ஒரு பண்ணைப் பூங்கா திறந்தார். அருகிப்போன பழைய ஆடு, மாடு, பன்றி வகைகளை அங்கே வளர்த்தார். டிக்கெட் வாங்கி ஜனங்கள் பார்க்க வருகிறார்கள். ஆடு குட்டி போடும் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு வருகிறார்கள். அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்கும் நமக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரிக்க வேண்டாம். இன்னும் இருபது ஆண்டு போனால், நம் பேரப் பிள்ளைகளும் டிக்கெட் வாங்கித்தான் கமலையைப் பார்க்க வேண்டும்.

கமலை எங்கே?

கமலை என்றதும் சொல்கிறேன். மதுரைப் பக்கம் "கமலை" என்பார்கள். கரூர், கொங்குப் பக்கம் "கவலை" என்பார்கள். நடுவே இருக்கிற எரியோட்டுக்காரர்கள் எப்படிச் சொன்னாலும் விளங்கிக் கொள்வார்கள்.

கிணற்று மேட்டில் இருந்து சரிவாக ஒரு பாதை. இரண்டு மாடு. தடித்த வடக்கயிறு. கயிற்றின் முனையில் சால். மாடு சரிவில் இறங்கும். வடத்தின் மேல் ஆள் ஏறி உட்காருவார். சால் மேலே வரும். தண்ணீர் கொட்டும். மாடு அப்படியே பின்னால் நடந்து மேட்டுக்கு ஏறும். மறுபடி இறங்கும். விடியுமுன் தொடங்கினால், பொழுது ஏறும் வரை இதே வேலை. அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டு.

காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1954ல் இருந்து 1963 வரை, கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாக வந்தது. மோட்டார் வந்தது. கமலை நின்றது. நல்லதுதான்! மாடும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான். கமலையைத் திரும்பக் கொண்டு வா என்று யாராவது சொன்னால், அவரையே அந்த வடத்தில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். கமலை இறைத்த காலத்தில், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று விவசாயிக்குத் தெரியும். மாட்டுக்கும் தெரியும். இன்று பொத்தானை அமுக்குகிறோம். ஆழ்துளைக் கிணறு நூறு நூறு அடியாகக் கீழே போகிறது. தண்ணீர் வருகிற வரை அதைப் பற்றி யாரும் நினைப்பது இல்லை. நின்ற பிறகுதான் நினைக்கிறோம். ஒரு பண்ணையில் ஒரே ஒரு கமலையைக் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் பத்துச் சால் இறைத்துக் காட்டினால் போதும். ஒரு குடம் தண்ணீருக்கு என்ன விலை என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். பத்துப் பாடம் நடத்தினாலும் இது விளங்காது.

விதையும் அப்படித்தான். நம் செம்மண் காட்டில் சோளம் விளைந்தது. கம்பு விளைந்தது. சாமை, தினை, குதிரைவாலி, வரகு விளைந்தது. துவரைக்குச் செம்மண் கட்டி, வெயிலில் காய வைத்து, அடுக்குப் பானையில் போட்டு வைப்பார்கள். பயறுக்குச் சாம்பல் கலப்பார்கள். நொச்சித் தழை போடுவார்கள். பூச்சி அண்டாது. இதை எல்லாம் செய்தவர்கள் யார்? நம் பாட்டிமார்கள்.

வேடசந்தூரில் புகையிலைக்கு 1948லேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. கம்புக்கும் சோளத்துக்கும் கோயமுத்தூரில் ஆராய்ச்சி நடக்கிறது. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடியது. கேட்டது, இந்தியாதான். இப்போது திண்டுக்கல் கடையில் கம்பு பாக்கெட்டில் தொங்குகிறது. ஆனால் எரியோட்டுப் பாட்டியின் பானையில் இருந்த விதை எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. அந்தப் பானை காலியாகி வருகிறது. பானையை நிறைக்கத் தெரிந்த பாட்டிகளும் குறைந்து வருகிறார்கள்.

உரம் வேண்டாமா?

"அப்படியானால் யூரியாவைத் தூக்கி எறியச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை.

2021ல் இலங்கை அரசாங்கம் ரசாயன உரம் கூடாது என்று திடீர் என்று தடை போட்டது. விவசாயியைக் கேட்கவில்லை. ஆயத்தம் செய்யவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. தேயிலை விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. அதற்குள் சிறு விவசாயி கடன்பட்டுப் போனான். மண் மாற நாள் ஆகும். மனிதன் மாறவும் நாள் ஆகும். உத்தரவு போட்டால் கம்பு முளைக்காது.

ஆகவே, சண்டை வேண்டாம். உரம் போடுகிறவர் போடட்டும். போடாதவர் போடாமல் இருக்கட்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு பண்ணை மட்டும் வேண்டும். பழைய விதை, பழைய மாடு, பழைய கருவி, பழைய கை வேலை எல்லாம் உயிரோடு இருக்கும் பண்ணை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருட்காட்சி வேண்டாம். விதைத்து, களை எடுத்து, அறுத்து, உலையில் போட்டுச் சாப்பிட்டுப் பார்க்கும் பண்ணை வேண்டும்.

கூலியைப் பறிக்காதே!

தொண்டர் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பட்டணத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து களை எடுப்பது நல்லது. ஆனால் களை எடுத்துப் பிழைக்கிற அம்மா ஒருத்தி அந்த ஊரில் இருக்கிறாள். இனாமாக ஆள் கிடைக்கிறது என்று அவளுடைய கூலியை நிறுத்தினால், அது தொண்டு அல்ல. திருட்டு. கூலி வேலை கூலிக்காரருக்கே. தொண்டர் செய்ய வேறு வேலை இருக்கிறது. கூட்டத்தைக் கவனிக்கலாம். மரக்கன்றுக்கு வேலி கட்டலாம். விதையைத் தரம் பிரித்துப் பெயர் எழுதலாம். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்கலாம்.

இன்னொன்று. களை எடுக்கும் அந்த அம்மாதான் உண்மையில் வாத்தியார். எது பயிர், எது களை என்று பட்டதாரிக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே! வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு. அவளுக்கும் கொடுங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

வந்ததும் போட்டோ, போகும்போது போட்டோ, நடுவே இளநீர் என்று வருகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவது இல்லை. இளநீருக்காவது காசு கொடுத்தால் சரி.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 1952 அக்டோபர் 2ந் தேதி சமுதாய நலத் திட்டம் தொடங்கியது. அதை ஒட்டி "சிரமதானம்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஊரே சேர்ந்து ரோடு போட்டது. கிணறு தூர் எடுத்தது. நில தானம், பொருள் தானம் போல, உழைப்பும் ஒரு தானம். அந்தச் சொல்தான் மறந்து போயிற்று. அந்த மனம் மறையவில்லை. வானகத்தில் இருப்பது அதுதானே!

ஆடியில் தொடங்கலாம்

எரியோடு பேரூராட்சியும், சுற்றி உள்ள ஊராட்சிகளும் இதை யோசிக்க வேண்டும். ஐந்து ஏக்கர் போதும். மில் வேனில் ஏறி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போக இந்தப் பக்கத்தில் என்ன இடம் இருக்கிறது? பெரிய ஊரில் பூங்கா உண்டு. இங்கே டீக்கடைப் பெஞ்சுதான் உண்டு. அதிலும் அப்பாதான் உட்காருவார்.

விழாவை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று பழமொழி இருக்கிறது. ஆடியில் விதைப்பு விழா. முளைப்பாரி போடத் தெரியாத பெண் நம் பக்கத்தில் உண்டா? முளைப்பாரி என்பதே விதையைச் சோதிக்கும் வித்தை. புரட்டாசி, ஐப்பசியில் மழைக் காலம், மரம் நடலாம். தையில் அறுப்பும் பொங்கலும். மாட்டுப் பொங்கல் அன்று காங்கேயம் காளையை அலங்கரித்து நிறுத்தினால் கூட்டம் தானாக வரும். சித்திரை வெயிலில் வேலை இல்லை. விதைப் பானையைத் திறந்து, விதை கொடுத்து வாங்கும் நாளாக வைத்துக் கொள்ளலாம். ஆதிரெங்கத்துக் கணக்கே நமக்கும் இருக்கட்டும்.

மலை ஓரத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கடவூர், அய்யலூர் மலைக்காட்டைத் தேவாங்குச் சரணாலயம் என்று 2022ல் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கு முதல் சரணாலயம் இதுதான். தேவாங்கு ராத்திரியில் பூச்சியைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சியும் அதில் அடக்கம். கூலி கேட்காத தொண்டர் என்றால் அதுதான்! அதைத் துரத்தாதீர்கள், பிடிக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, பண்ணையைவிட நல்ல இடம் எது?

அதற்கு முன்னால் ஒரு காரியம். நிலமும் வேண்டாம், பணமும் வேண்டாம். பள்ளிக்கூட லீவில் ஒரு நாள், பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேனைப் பிடியுங்கள். வானகத்துக்குப் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய சோளமோ, மொச்சையோ, சுரை விதையோ இருந்தால், ஒரு கைப்பிடி முடிந்து எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்த விதைக்கு என்ன பெயர் என்று அவருக்குத்தான் தெரியும்.