கணக்கிலும் வருணமா?

வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள். நிறம் பார்த்து மனிதனைத் தரம் பிரிக்கும் நோய் நம் நாட்டுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் அந்நோய் உண்டு. அங்கே கறுப்பின மக்கள் கண்ணீரும் செந்நீரும் சிந்திப் போராடினார்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தார்கள். 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆனால் ஒரு பலகை மட்டும் இறங்கவில்லை. அது சுவரில் தொங்கியிருந்தால் யாரேனும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அதுவோ மருத்துவச் சோதனைக் கூடத்தில், ஒரு கணக்குச் சூத்திரத்துக்குள் ஒளிந்து கிடந்தது!

சிறுநீரகம் செயலற்றுப் போனால் வாழ வழி இரண்டே. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைந்து கிடப்பது ஒன்று. பிறர் தந்த சிறுநீரகத்தைப் பொருத்திக்கொள்வது மற்றொன்று. பாஸ்டன் நகரில் 1954இல் இரட்டையரில் ஒருவர் தந்த சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி மருத்துவர்கள் வெற்றி கண்டார்கள். இன்றோ அந்நாட்டில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் ஏறத்தாழ 90,000 பேர்! கேட்போர் ஆயிரம் ஆயிரம், கிடைப்பதோ கொஞ்சம். பணக்காரன் விலைபேசிவிடக் கூடாதென்று 1984இல் சட்டம் செய்தார்கள், விற்பனையைத் தடுத்தார்கள், நாடு முழுமைக்கும் பங்கீட்டு முறை வகுத்தார்கள். நல்ல காரியம்தான். இரத்த வகை, உடற்பொருத்தம், தூரம் இவற்றோடு, ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்பதும் அங்கே எடைபோடப்படுகிறது.

காத்திருப்பு எந்த நாளில் தொடங்குகிறது? சூழ்ச்சி அங்கேதான் குடியிருந்தது! சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் 20 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். இல்லையேல் டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணை இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 1999இல் வந்த சூத்திரம் இன்னொன்றையும் கேட்டது: நீ கறுப்பனா? ஆம் என்றால் விடையைப் பெருக்கிக் கூட்டு என்றது. 2009இல் வந்த புதிய சூத்திரமும் அதே வழியில், 1.159ஆல் பெருக்கு என்றது. கறுப்பருக்குத் தசை அதிகமாம்! அதனால் கணக்கை உயர்த்த வேண்டுமாம்!

விளைவைப் பாருங்கள். ஒரே ஆலையில் இரண்டு தொழிலாளர். ஒரே வயது. இரத்தத்தில் ஒரே அளவு. வெள்ளையருக்கு எண் 18. வா, வரிசையில் நில்! கறுப்பருக்கு அதே 18ஐ 1.159ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 21. போ, பிறகு வா! நோய் ஒன்று, வேதனை ஒன்று, விதி மட்டும் இரண்டு! தந்தை கறுப்பர், தாய் வெள்ளையர் என்றால் எந்த எண்? பாதித் தசைக்குப் பாதிப் பெருக்கலா? சூத்திரத்திடம் பதில் இல்லை.

அந்நாட்டு மக்கள் தொகையில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு. சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரிலோ ஏறத்தாழ 30 விழுக்காடு! எவருக்கு நோய் அதிகமோ, அவருக்கே வாயிற்படி உயரம்!

"சூத்திரம் எழுதியவர்கள் தீய எண்ணம் கொண்டவர்களல்லர், ஆய்வில் கண்டதையே எழுதினார்கள்" என்பார்கள். இருக்கட்டும். பகைவனின் அநீதி பல்லைக் காட்டும், எதிர்த்து நிற்கலாம். அறிவாளியின் அநீதி அட்டவணை வடிவில் வரும். அதற்கு அனைவரும் தலையாட்டுவார்கள். அதுவே பேராபத்து!

மருத்துவ மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். மருத்துவர்களும் கேட்டார்கள். 2021இல் நிறம் கேளாத புதிய சூத்திரம் வந்தது. 2022இல் பழைய கணக்கைப் பங்கீட்டில் பயன்படுத்தத் தடை வந்தது. 2023 சனவரியில் அதற்கும் மேலே சென்றார்கள். பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய சோதனைச் சீட்டுகளைப் புரட்டி, சரியான கணக்கில் எந்த நாளில் தகுதி பெற்றிருப்பார்களோ அந்த நாளிலிருந்து காத்திருப்பைக் கணக்கிட ஆணையிட்டார்கள். 2024 மார்ச்சுக்குள் 14,000க்கும் மேற்பட்டோருக்குச் சராசரியாக இரண்டாண்டு திரும்பக் கிடைத்தது. மூன்றாண்டு, ஐந்தாண்டு காத்திருப்பது வழக்கமாகிவிட்ட நாட்டில் இரண்டாண்டு என்பது ஓர் உயிரின் விலை!

இதைச் சலுகை என்று சொல்ல எவருக்கேனும் நாவு எழுமா? புதிதாக ஒரு நாளும் எவருக்கும் தரப்படவில்லை. பறித்த நாட்களைத் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். இட ஒதுக்கீடு என்றதும் 'தகுதி, திறமை' என்று தாவிக் குதிப்போர் இதைக் கவனிக்கட்டும். தகுதியை அளந்த கோலே கோணலாக இருந்தது! கோலை நிமிர்த்தினால் போதாது, கோணல் கோலால் இழந்ததையும் ஈடுசெய்ய வேண்டும். அதன் பெயர்தான் சமூகநீதி!

ஆயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. இந்த நீதி பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கே கிட்டியது. பட்டியலை எட்டுமுன்பே மாண்டவர்களுக்கு எந்த ஆணை நாட்களைத் திருப்பித் தரும்?

தோழர்களே! ஏன், எதற்கு என்று கேட்கப் பழக்கினார் பெரியார். சாத்திரத்தைக் கேட்டோம், சம்பிரதாயத்தைக் கேட்டோம். இனி சூத்திரத்தையும் கேட்போம். மருத்துவமனையானாலும், அலுவலகமானாலும், 'இது கணக்கு' என்று எவர் கூறினாலும், கணக்கை விரித்துக் காட்டு என்போம். எண்ணுக்கு நிறமில்லை. நிறம் பூசுகிறவன் மனிதன். அதைத் துடைத்தெறிய வேண்டியவனும் மனிதனே!