அலியாஸ் என்ற வில்லங்கம்

அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான கிழவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதலாமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் நெய்வேலியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அந்த வேலையில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வந்த என் பேரன் கரும்பைக்கூடத் தொடாமல் மூன்று நாள் லேப்டாப்பும் கையுமாகவே இருந்தான்.

கொதிகலன் பக்கத்தில் வைத்து வெப்பத்தை அளக்கும் கருவி. அதற்கு சி மொழியில் எழுதிய புரோகிராம் சோதனையில் சரியாக ஓடுகிறது. வேகத்துக்காக ‘ஓ-2’ கொடுத்துக் கம்பைல் செய்தால் பழைய எண்ணையே காட்டுகிறது. காரணத்தை அவனே கண்டுபிடித்துவிட்டான். மெமரியில் நான்கு பைட் இடம். அதில் தசம எண் என்று சொல்லி எழுதுகிறார்கள், அடுத்த வரியில் அதே இடத்தை முழு எண் என்று சொல்லிப் படிக்கிறார்கள். “இதுக்கு அலியாஸ்னு பேர், தாத்தா” என்றான்.

எனக்குத் தெரியாத வார்த்தையா! புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோதே தெரியும். பத்திரத்தில் ‘கோவிந்தன் (எ) ராமு’ என்று போடுகிறோமே, அந்த ‘எ’தான். அந்த ‘எ’ இல்லாமல் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் ஓடினால், ஒன்றில் திருத்தியது மற்றதில் ஏறாது. கம்பைலர் செய்வதும் அதுவே. ஒரு வகையாக வைத்ததை அதே வகையாகத்தான் எடுக்க வேண்டும், எழுத்து வகைக்கு மட்டும் விலக்கு என்று 1989லேயே சி மொழியின் தரவிதியில் இருக்கிறது. அதை நம்பி, தசம எண்ணை எழுதியதால் முழு எண் மாறியிருக்காது என்று முன்பு படித்ததையே வைத்துக்கொள்கிறது.

அவன் மேலதிகாரி சொன்ன வைத்தியம்தான் எனக்கு ஆத்திரம்: “ஓ-2வை எடுத்துடு. இத்தனை வருஷம் ஓடின கோடுதானே.” ஆடிட் வராதவரை எங்கள் ஆபீசிலும் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது! நாளைக்கு வேறு கம்பைலர் வந்தால்? அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த உங்களுக்கு, கொதிகலன் பக்கம் நிற்பவனுக்குப் பழைய எண் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லினக்ஸ் கெர்னலே இந்த விதியை நிறுத்தி வைத்திருக்கிறதே என்பார்கள். உண்மை. ஆனால் அது அதற்கென்றே உள்ள கட்டளையை, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்து நிறுத்தியது. வேகத்தைக் குறைத்துத் தப்பை மூடுவது அதுவல்ல. கம்பைலர்காரர்களும் யோக்கியமில்லை. 1999ல் ஜிசிசி 2.95ல் விதியை அமல்படுத்தி, பழைய கோடெல்லாம் உடைந்ததும் 2.95.2ல் பின்வாங்கி, பிறகு மறுபடி கொண்டுவந்தார்கள். இன்றும் அதன் எச்சரிக்கை எல்லா இடத்தையும் பிடிப்பதில்லை.

திருத்துவது பெரிய வித்தையும் இல்லை. நான்கு பைட்டையும் ‘மெம்காப்பி’யால் ஒரு முழு எண்ணுக்கு நகல் எடுத்தால் போதும். 1.0ஐ அப்படி எடுத்தால் 1065353216 கிடைக்கும், எந்த வில்லங்கமும் இல்லாமல். நகல் எடுக்க நேரமாகும் என்பது வெறும் சாக்கு. ‘ஓ-2’வில் கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும்.

“ரிலீஸுக்கு நாலு நாள்தான் இருக்கு தாத்தா, அவர் திட்டுவாரு” என்றான். திட்டட்டும், எழுத்தில் அனுப்பு என்றேன். காணும் பொங்கலன்று ராத்திரி பதினோரு இடத்தில் மாற்றி அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினான். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லை.