குடல் ஜெயிச்ச கதை

போன மாசம் முழுக்க எனக்கும் கோழிக்குடலுக்கும் நடந்த சண்டையில குடல்தான் ஜெயிச்சுது. சிரிக்காதீங்க மக்களே, கதையைக் கேளுங்க.

படிக்கிறது பார்மசி, இருக்கிறது குமாரபாளையம். ஒரு மூலிகைச் சாறு குடலோட சுருக்கத்தைக் குறைக்குதான்னு பாக்கறதுதான் ப்ராஜக்ட். இதுக்குன்னு எந்தப் பிராணியையும் கொல்ல வேண்டியதில்ல. கறிக்கடையில தூக்கிப் போடற கோழிக்குடல் போதும். ரெண்டு மூணு சென்டிமீட்டர் துண்டை நூல்ல கட்டி, 37 டிகிரி சூட்டுல டைரோடு கரைசல்ல தொங்கவிட்டு, காத்துக் குமிழ் விட்டா அது சுருங்கி விரிஞ்சுட்டே இருக்கும். கொஞ்சம் அசிட்டைல்கோலின் விட்டா வெடுக்குனு இழுக்கும், ட்ரம்முல கோடு விழும். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு!

முதல் நாள் குடலை வெறும் கேரி பேக்ல கொண்டு வந்தேன். லேபுக்கு வர்றதுக்குள்ள அடங்கிப் போச்சு. ரெண்டாம் நாள் கரைசல் பால் மாதிரி வெளுத்துடுச்சு. கால்சியம் குளோரைடைக் கடைசியா, நல்லா கரைச்சுத்தான் ஊத்தணுமாம். அவசரப்பட்டா பைகார்பனேட்டோட சேர்ந்து சுண்ணாம்பா படிஞ்சிடும். மூணாம் நாள் எல்லாம் சரியா இருந்துச்சு, கரண்ட் போச்சு. கறிக்கடை அண்ணனே, "என்ன கண்ணு, தெனமும் குடலு மட்டும் போதுமா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு.

அன்னைக்கு ராத்திரி ஒரு சீனியர் வழி சொன்னாரு. "பழைய ரெக்கார்டைப் பாத்து கிராஃப் போட்டுடு. யாரு கேக்கப் போறா?" உண்மையைச் சொல்லிடறேன், பென்சிலைக் கையில எடுத்துட்டேன்.

எதிர் வீட்டுல தறி ஓடிட்டிருந்துச்சு. திடீர்னு சத்தம் நின்னுச்சு. இழை அறுந்திருக்கும். அந்த அக்கா தேடிப் புடிச்சு முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டினாங்க. கவனிக்காம ஓட்டியிருந்தா துணி நெடுக ஒரு கோடு விழும், எப்படி மடிச்சாலும் மறையாது. பென்சிலைக் கீழ வெச்சுட்டேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. மெட்ரிகுலேஷன்ல ரெண்டு தடவை தோத்து, மூணாவது தடவை சென்னையில பாஸ் பண்ணினவரு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல கதர் போட்டதால பேராசிரியரோட கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.க்குப் பதிலா எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைச்சுது. அப்புறம் அமெரிக்கா போயி, ஹார்வர்டுல ஃபிஸ்கேயோட சேர்ந்து பாஸ்பரஸ் அளக்கற முறையை 1925ல வெளியிட்டாரு. அந்த முறையில தசைச் சாறைச் சோதிச்சா நீல நிறம் வர வேண்டிய வேகத்துல வரல, மெதுவா வந்துச்சு. நானா இருந்தா 'கெமிக்கல் சரியில்ல'ன்னு கொட்டியிருப்பேன். அவங்க ஏன் மெதுவா வருதுன்னு துருவினாங்க. தசையில இருந்த ஏதோ ஒண்ணு அமிலத்துல கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு பாஸ்பேட்டை விட்டுட்டு இருந்துச்சு. அதுதான் 1927ல அவங்க அறிவிச்ச பாஸ்போகிரியாட்டின்! 'சரியான' கிராஃப் வரைஞ்சிருந்தா அது அன்னைக்கு அவங்க கைக்குச் சிக்கியிருக்குமா?

என் கருத்து இதுதான். நம்ம ரெக்கார்டு நோட்டுல சொதப்பலுக்குன்னு ஒரு பக்கம் வேணும். என்ன போச்சு, ஏன் போச்சு, அடுத்து என்ன மாத்தினோம்னு எழுதணும். அதுக்கும் மார்க் போடணும். சரியான விடைக்கு மட்டும் மார்க்னா, பசங்க சரியான விடையைத்தான் தயாரிப்பாங்க, சோதனையைச் செய்ய மாட்டாங்க. நாளைக்கு இதே பசங்கதான் மருந்துக் கம்பெனியில மாத்திரையைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடப் போறாங்க. அதை முழுங்கப் போறது நம்ம வீட்டு ஆளுங்க.

அடுத்த வாரம் ஐஸ்ல வெச்ச கரைசலோட ஃபிளாஸ்க்கைக் கறிக்கடைக்கே எடுத்துட்டுப் போனேன். குடல் துடிச்சுது. அசிட்டைல்கோலினுக்கு அழகா கோடு போட்டுச்சு. எங்க மூலிகைச் சாறு மட்டும் ஒண்ணுமே பண்ணல. நாலு தடவை பாத்தேன், ஒண்ணுமே இல்ல.

அப்படியே எழுதிக் குடுத்திருக்கேன். மார்க் இன்னும் வரல.