லோகோ போட்ட சட்டை லாபம் தருமா?

ஒரு நிறுவனத்தின் பெயர் நாலு பேர் வாயில் அடிபடத் தொடங்கியதும் ஓர் ஆலோசனை தவறாமல் வந்து சேர்கிறது. லோகோ போட்ட டி-ஷர்ட், தொப்பி, காபிக் கோப்பை, கீ செயின் எல்லாம் அடித்து விற்கலாம். செலவு கொஞ்சம், விலை நாம் வைப்பதுதான், விளம்பரத்துக்கு விளம்பரம், வரும்படிக்கு வரும்படி என்பார்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், படத் தயாரிப்பாளர்கள், விளையாட்டு அணிகள் என்று எல்லாரிடமும் இது முடிந்துபோன உண்மையாகவே பேசப்படுகிறது. அது உண்மையல்ல என்பதே என் வாதம். பெயர் பொறித்த பொருள்களால் பெரும் பணம் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பொருளை விற்று அதைச் சம்பாதிக்கவில்லை. பெயரை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார்கள். பொருள் விற்பது ஒரு தொழில், பெயரை வாடகைக்கு விடுவது முற்றிலும் வேறொரு தொழில். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் சரக்கில் முதலைப் போடுகிற சிறு நிறுவனங்கள்தான் கடைசியில் விற்காத அட்டைப்பெட்டிகளோடு நிற்கின்றன. ஆகவே, இந்த ஆலோசனைக்குச் சான்றாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் எடுத்துக்காட்டப்படுவது ‘ஸ்டார் வார்ஸ்’. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் சம்பளத்தை உயர்த்திக் கேட்பதற்குப் பதிலாக, படத்தின் பெயரில் பொருள்கள் வெளியிடும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதுவே அவரைப் பெரும் செல்வராக்கியது. கதை உண்மைதான். ஆனால் பொம்மை செய்தவர் லூகாஸ் அல்லர், கென்னர் என்ற பொம்மை நிறுவனம். படம் 1977 மே மாதம் வெளியானது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க கென்னரால் முடியவில்லை. பொம்மை பிறகு வரும் என்ற சான்றிதழை அட்டை உறைக்குள் வைத்து விற்க வேண்டிய நிலை. அச்சு வார்ப்பது, ஆலையைப் பிடிப்பது, கிடங்கு, கடைகளுக்கு அனுப்புவது, விற்காவிட்டால் தாங்குவது எல்லாம் கென்னரின் தலையில். லூகாஸ் பக்கத்துக்கு வந்தது உரிமைத்தொகை. இதே கதை தலைகீழாக நடந்ததும் உண்டு. ‘ஈ.டி.’ படத்தின் பெயரில் வீடியோ கேம் வெளியிட, 1982-ல் அட்டாரி நிறுவனம் 2 கோடி டாலருக்கும் மேல் உரிமைத்தொகை கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. சில வாரங்களில் அவசரமாக எழுதப்பட்ட அந்த விளையாட்டு லட்சக்கணக்கில் தேங்கியது. 1983-ல் அட்டாரி தன் மிச்சச் சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது ‘ஈ.டி.’ பெட்டிகள் வெளியே வந்தன. பெயருக்கு உரியவர்களுக்கு வாடகை வந்துவிட்டது, மண்ணுக்குள் போனது சரக்குக்கு முதல் போட்டவரின் பணம். ‘ஸ்டார் வார்ஸ்’ எதையாவது நிரூபிக்கிறது என்றால், சரக்கை நம் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான்.

‘வாடகை எதற்கு? நாமே கடை போட்டு விற்றால் முழு லாபமும் நமக்குத்தானே’ என்பது அடுத்த வாதம். இதைச் சோதித்துப் பார்க்க டிஸ்னியைவிடத் தகுதியான நிறுவனம் உலகில் இருக்க முடியாது. மிக்கி மவுஸ் தெரியாத குழந்தை இல்லை. டிஸ்னி தன் முதல் கடையை 1987-ல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் திறந்து, பின் நூற்றுக்கணக்கில் பெருக்கியது. 2004-ல் வட அமெரிக்கக் கடைகளைக் குழந்தைகள் உடை விற்கும் வேறொரு நிறுவனத்திடம் விற்றுவிட்டது. 2008-ல் அவற்றில் பலவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 2021-ல் வட அமெரிக்காவில் குறைந்தது 60 கடைகளை மூடுவதாக அறிவித்தது. வார்னர் பிரதர்ஸ் நடத்திய கடைகள் இவ்வளவு காலம்கூடத் தாங்கவில்லை, 2001-லேயே மூடப்பட்டன. இந்த நிறுவனங்களின் பாத்திரங்களுக்கு மவுசு குறைந்ததால் இது நடக்கவில்லை. கடை வாடகை, ஆள் சம்பளம், பருவம் மாறினால் தேங்கும் சரக்கு, அடுத்த தெருவில் அதே பொம்மையைக் குறைத்து விற்கும் பெருங்கடை என்று சில்லறை வணிகத்துக்கு உரிய எல்லாச் சுமைகளும் லோகோவைப் பார்த்து விலகிப் போய்விடுவதில்லை. சில்லறை வணிகத்தில் தேர்ந்தவர்களே சொற்ப விழுக்காட்டில் பிழைக்கும் துறை அது. மென்பொருள் எழுதுவதிலோ படம் எடுப்பதிலோ தேர்ந்தவருக்கு அதில் கூடுதல் திறமை எங்கிருந்து வரும்?

கால்பந்து ரசிகர்கள் நடுவே இன்னொரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: ஒரு நட்சத்திர வீரரை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், அவர் பெயர் போட்ட ஜெர்சி விற்ற பணமே அந்த விலையை ஈடுகட்டிவிடும். 2018 ஜூலையில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை இத்தாலியின் யுவென்டஸ் 10 கோடி யூரோ கொடுத்து வாங்கியபோது இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. யுவென்டஸின் கணக்கு என்ன சொல்கிறது? பொருள் விற்பனையிலும் உரிமங்களிலும் அதற்கு வந்த வருமானம் முந்தைய பருவத்தில் ஏறத்தாழ 2.8 கோடி யூரோவாக இருந்தது. ரொனால்டோ வந்த பருவத்தில் ஏறத்தாழ 4.4 கோடியாக உயர்ந்தது. அரை மடங்குக்கும் மேலான இந்த ஏற்றம் பெரிய வெற்றிதான். ஆனால் கூடுதலாக வந்தது 1.6 கோடி யூரோ, அதுவும் துணிக்கும் கடைக்கும் ஆகும் செலவைக் கழிக்காத வருமானம். அவருக்குக் கொடுத்த விலையை நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 2.5 கோடி, சம்பளம் தனி. அந்தப் பருவத்தை யுவென்டஸ் கிட்டத்தட்ட 4 கோடி யூரோ நட்டத்தில் முடித்தது. யுவென்டஸாவது பொருள் விற்பனையைத் தன் கையில் வைத்திருந்தது. பல பெரிய சங்கங்களில் ஜெர்சியைச் செய்து விற்பது அடிடாஸ், நைக் போன்ற நிறுவனங்கள். சங்கத்துக்குக் கிடைப்பது முன்பணமும் விற்பனையில் சிறு பங்கும்தான். ரசிகர் கடையில் கொடுக்கும் பணம் முழுவதும் சங்கத்தின் பெட்டிக்குப் போகிறது என்று நினைப்பதுதான் இந்தக் கணக்கில் உள்ள அடிப்படைப் பிழை.

ஹார்லி-டேவிட்சனைக் காட்டுபவர்களும் உண்டு. அதன் சின்னத்தை மனிதர்கள் தோலில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கூட அதன் ஜாக்கெட்டை அணிகிறார். ஒரு நிறுவனத்தின் மேல் இதற்கு மேல் பற்று இருக்க முடியாது. அப்படியிருந்தும் 2023-ல் அதன் மோட்டார் சைக்கிள் பிரிவின் வருமானம் 484 கோடி டாலர் என்றால், அதில் உடைகளின் பங்கு 24 கோடி டாலரை ஒட்டியது. நூற்றுக்கு ஐந்து. மிச்சமெல்லாம் வண்டியும் உதிரி பாகமும் அவை சார்ந்தவையும்தான். உச்சப் பற்றுக்கே ஐந்து விழுக்காடு என்றால், நேற்று தொடங்கிய நிறுவனம் எதை எதிர்பார்க்க முடியும்? இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1990-களில் ஹார்லியின் பெயர் வாசனைத் திரவியம்வரை போனபோது, அதன் மேல் உயிராக இருந்தவர்களே முகம் சுளித்தார்கள். ஃபெராரி இதை எண்களாகவே ஒத்துக்கொண்டது: தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமங்களில் பாதியையும், பொருள் வகைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டையும் வெட்டப்போவதாக 2019-ல் அறிவித்தது. கண்ட பொருளிலும் பெயர் தொங்கினால் பெயர் மலிந்துபோகும் என்பதே காரணம். பெயர் பொறித்த பொருள் இலவசமாக வரும் வருமானம் அல்ல. ஒவ்வொரு விற்பனையும் பெயரின் இருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது.

‘பெரிய நிறுவனக் கதை வேண்டாம்; 250 ரூபாய்க்கு அடித்து 599-க்கு விற்றால் லாபம் இரட்டைக்கு மேல் இல்லையா’ என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், யாரும் தம் விலைகளை இட்டுச் சரிபார்க்கலாம். திருப்பூரில் 500 டி-ஷர்ட் தைத்து, பிரின்ட் போட்டு, கவரில் இட்டு வாங்க ஒன்றுக்கு 250 வீதம் 1,25,000 ரூபாய் முதல். 599-ல் ஜி.எஸ்.டி. போக நிற்பது 570. கூரியர், பேக்கிங், பணம் வாங்கும் கட்டணம் எல்லாம் 100 என்றால் கையில் 470. ஆகவே 266 சட்டை விற்கும்வரை போட்ட முதலே திரும்பாது. 350 விற்றால் மிஞ்சுவது 39,500. வடிவமைத்தவர், படம் எடுத்தவர், ‘சைஸ் சரியில்லை’ என்று வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் ஊழியரின் மாதங்கள் ஆகியவற்றை அதில் கழித்துப் பாருங்கள். ஐநூறும் விற்றால்கூட 1,10,000. ஆனால் ஐநூறும் விற்காது. எம்-மும் எல்-லும் முதலில் தீரும். எஸ்-சும் டபுள் எக்ஸ்.எல்-லும் நிற்கும். வெறும் சட்டையாக இருந்தால் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் ஸ்டாக் லாட்டாகத் தள்ளிவிடலாம். லோகோ போட்டதைத் தள்ளினால் நம் பெயரே நடைபாதையில் பாதி விலைக்குக் கிடக்கும். விற்கும்போது விலையைக் கூட்டிய அதே லோகோ, விற்காதபோது துணியின் விலையையும் சேர்த்து அழிக்கிறது.

இதற்கும் மறுமொழி உண்டு. ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சிட்டுத் தரும் சேவைகள் வந்துவிட்டன, தேக்கமே இல்லை என்கிறார்கள். தேக்கம் இல்லைதான். ஆனால் தேக்கத்தின் ஆபத்தை அந்தச் சேவை சும்மா ஏற்பதில்லை. ஒரு சட்டையின் அடக்க விலையைக் கூட்டி அதை நம்மிடமே வசூலிக்கிறது. மிஞ்சுவது உரிமைத்தொகை அளவுக்கான சிறு பங்கு. அதாவது சுற்றிச் சுற்றிப் பெயர் வாடகைக்கே வந்து நிற்கிறோம். இன்னொரு மறுமொழி, லாபம் வராவிட்டாலும் விளம்பரம் ஆகிறதே என்பது. இதை நான் மறுக்கவில்லை. ஊழியர் விரும்பி அணியும் சட்டையும், வாடிக்கையாளர் மேசையில் இருக்கும் கோப்பையும் நல்ல விளம்பரமே. அப்படியானால் அதை விளம்பரச் செலவு என்று எழுதி, இவ்வளவுதான் என்று வரம்பு கட்ட வேண்டும். வருமானத் திட்டத்தில் லாபமாகக் காட்டிவிட்டு, நட்டம் வந்ததும் விளம்பரம் என்று பெயர் மாற்றுவது கணக்காகாது. கச்சேரி மேடைக்கு வெளியே சட்டை விற்று ஊர் ஊராகப் பயணம் செய்யும் இசைக்குழுக்கள் இருக்கின்றனவே என்பது மூன்றாவது. அவை உண்மையிலேயே விதிவிலக்கு. அங்கே வாங்குபவர் அன்றைய இரவின் நினைவை வாங்குகிறார். கூட்டம் கண்முன் நிற்கிறது, கூரியர் இல்லை, விற்பனை சில மணி நேரத்தில் முடிகிறது. இந்த நிலை வாய்த்தவர்கள் விற்கட்டும். இணையதளத்தின் ஓரத்தில் ‘எங்கள் கடை’ என்று ஒரு பக்கம் திறப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

போலிகளையும் மறக்கக் கூடாது. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்துக்கு வெளியே மஞ்சள் சட்டைகள் குவிந்து கிடக்கும். ரசிகர் பேரம் பேசி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவருடைய பற்றில் குறையில்லை, சட்டையின் விலைதான் அவருக்கு ஒத்துவரவில்லை. இதைத் தடுக்க உரிமையாளர் வழக்குக்குப் போக வேண்டும். அதற்கு முன், உடைக்கு 25, கோப்பைக்கு 21 என்று வணிகச் சின்னத்தை அந்தந்த வகுப்பில் தனித்தனியாகப் பதிந்திருப்பது நல்லது. மென்பொருளுக்கு மட்டும் பதிந்து வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இது புதுச் செலவு, புது அலைச்சல். சட்டை விற்ற லாபத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகாது.

ஆகவே, ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். லோகோ இல்லாத இதே சட்டையை எந்த விலைக்கு விற்க முடியும்? அந்த விலைக்கும் நாம் வைக்க நினைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் நம் பெயரின் மதிப்பு. அந்த இடைவெளியை உண்டாக்கியது சட்டை அல்ல. ஓடுகிற வண்டி, மனதில் நிற்கும் படம், பழுதில்லாத மென்பொருள், தோற்றாலும் போராடும் அணி ஆகியவைதான் அதை உண்டாக்கின. இடைவெளி சிறிதாக இருந்தால் சட்டையில் போடும் ஒன்றேகால் லட்சம் மூல வேலைக்குப் போக வேண்டும். பெரிதாக இருந்தால் துணி வணிகம் தெரிந்த ஒருவரிடம் பெயரை வாடகைக்குக் கொடுத்து, தரத்தை மட்டும் கண்காணித்துவிட்டு, மறுபடியும் மூல வேலைக்கே திரும்ப வேண்டும். இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. மக்கள் ஒரு பெயரைக் காசு கொடுத்து மார்பில் அணிகிறார்கள் என்றால், அந்தப் பெயர் செய்த வேலையை நம்புகிறார்கள் என்று பொருள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்ய வேண்டியது, அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வதுதான்.