தானமா, ஸ்டாக் காலி பண்றதா?



பள்ளி திறக்கப்போகுது. நம்ம செமோர் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுக்க ஏதாவது கம்பெனியைக் கேட்கலாமேன்னு சிலர் சொல்றீங்க. நாங்க தயங்குறதுக்குக் காரணம் இருக்கு.

2021-லிருந்து நம்ம பள்ளிகளில் கறுப்புச் சப்பாத்துதான். அந்தச் சமயம் ஒரு கம்பெனி ஆலயத்துக்கு அனுப்பியது, விற்காமல் கிடந்த வெள்ளைச் சப்பாத்து! பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையா நிக்க வச்சுப் படமும் எடுத்துட்டுப் போனாங்க. கைதட்டினதுல நாங்களும் இருந்தோம். பள்ளிக்குப் போட முடியாத சப்பாத்தோட பிள்ளைங்க வீட்டுக்குப் போனாங்க.

அமெரிக்காவில் டாம்ஸ் கம்பெனி 2006-ல், ஒரு ஜோடி வாங்கினால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு ஜோடி இலவசம் என்று ஆரம்பித்தது. எல் சால்வடோரில் ஆய்வாளர்கள் பார்த்தபோது பிள்ளைகள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் இல்லை. நம்ம தேவையை மத்தவங்கதான் பார்க்கணும் என்ற எண்ணம் கூடியிருந்தது. 2019-ல் அந்தக் கம்பெனியே திட்டத்தை மாற்றிக்கொண்டது.

கம்பெனி கொடுக்கவே கூடாதுன்னு சொல்லல. நம்ம தாத்தா பாட்டி பால் வெட்டிப் பிழைத்த ஊர் இது. ரப்பரில் லாபம் பார்த்தவங்க திருப்பிக் கொடுத்தால் நியாயம்தான். ஆனா பிள்ளையோட கால் அளவைக் கேட்டுக் கொடுக்கட்டும்.

இந்த வருஷம் பெற்றோர் கையில் கூப்பன் கொடுக்கலாம்னு நினைக்கிறோம். பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்துக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கட்டும். படம் எடுக்க மாட்டோம். உங்களால் முடிந்ததைக் கொடுங்க. கம்பெனிகளும் கொடுக்கலாம். செருப்பை விடுற வாசலிலேயே பேனரையும் விட்டுட்டு வாங்க.

முருகா சரணம்.