மறுபடியும் மாறுகிறது ஆஸ்துமா பம்பின் கியாஸ்: விலை ஏறுமா?

கோட்டுச்சேரி,-

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் கோட்டுச்சேரியில் இழுப்பு நோய்க்காரர்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. ஒரு பக்கம் கடல் ஈரம். தை பிறந்தால் இன்னொரு பக்கம் அறுவடைக் களத்துத் தூசி. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேட வேண்டியதுதான்.

தலையணைக்கு அடியில் கை போகும். சின்ன டப்பா ஒன்று வெளியே வரும். "புஸ்" என்று ஒரு அமுக்கு. கொஞ்ச நேரத்தில் உயிர் திரும்பி வரும்.

ஊரார் "பம்பு" என்று சொல்லும் இன்ஹேலர்தான் அது.

உள்ளங்கையில் அடங்கும் இந்த டப்பாவை உலக நாடுகளின் சுற்றுச்சூழல் ஒப்பந்தம் இரண்டு தடவை தொட்டிருக்கிறது. முதல் தடவை இந்திய நோயாளி பெரிய காயம் இல்லாமல் தப்பினார். அமெரிக்க நோயாளி மாட்டிக் கொண்டார். இப்போது இரண்டாவது சுற்று. இதில் கோட்டுச்சேரிக்காரரின் கதி என்ன?

டப்பாவுக்குள் என்ன?

பம்புக்குள் மருந்து மட்டும்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் பம்பில் ஒரு அமுக்குக்கு 100 மைக்ரோகிராம் மருந்துதான் வருகிறது. ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! டப்பாவில் மீதி இருப்பதில் பெரும்பகுதி, அந்த மருந்தைத் தள்ளிக் கொண்டு வரும் கியாஸ். அழுத்தத்தில் திரவமாக அடைந்து கிடக்கும். அமுக்கினால் சீறிக் கொண்டு வந்து மருந்தை நெஞ்சுக்குள் சேர்க்கும்.

இந்த மாதிரி பம்பு முதன்முதலில் 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் போட்ட கியாஸ் "சி.எப்.சி." என்ற குளோரோ புளோரோ கார்பன். பிரிட்ஜ், ஏ.சி., முடிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் இதே இனத்துக் கியாஸ்தான்.

தீப்பிடிக்காது. உடம்பை ஒன்றும் செய்யாது. "இதைவிட நல்ல கியாஸ் கிடையாது" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆகாயத்தில் ஓட்டை

1974-ம் ஆண்டு ரோலண்ட், மொலினா என்ற 2 விஞ்ஞானிகள் ஒரு குண்டைப் போட்டார்கள். இந்தக் கியாஸ் மேலே போய், சூரியனின் கெட்ட கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்றார்கள். கம்பெனிகள் ஒப்புக் கொள்ளவில்லை. 1985-ம் ஆண்டு, தென்துருவத்துக்கு மேலே ஓசோன் படலம் பெரிய அளவில் மெலிந்து போனதை இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பேச்சுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

1987-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ரோலண்டுக்கும் மொலினாவுக்கும், ஓசோன் ஆராய்ச்சி செய்த குருட்சன் என்பவருக்கும் சேர்த்து 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு சிக்கல். முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை நிறுத்தினால் யாரும் சாக மாட்டார்கள். பம்பை நிறுத்தினால்?

அதனால் பம்புக்கு மட்டும் தவணை கொடுத்தார்கள். இந்திய அரசு 2000-ம் ஆண்டு கொண்டு வந்த ஓசோன் விதிகளிலும் அந்தச் சலுகை இருந்தது. பெரும்பாலான சாமான்களில் 2003-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்குப் பிறகு இந்தக் கியாசைப் போடக் கூடாது. இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு!

மேட்டூருக்கும் பங்கு

இந்தக் கியாஸ் எங்கோ சீமையில் இருந்து வந்தது அல்ல. இந்தியாவில் 4 கம்பெனிகள் இதைத் தயாரித்தன. அவற்றில் ஒன்று மேட்டூரில் ஆலை வைத்திருக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார். இதே கம்பெனிக்கு காரைக்கால் மாவட்டத்திலும் காஸ்டிக் சோடா ஆலை இருக்கிறது. ஆனால் சி.எப்.சி. தயாரானது மேட்டூரில்தான்.

தயாரிப்பைப் படிப்படியாக மூடுவதற்கு இந்தியாவுக்கு உலக நிதியில் இருந்து 8 கோடியே 20 லட்சம் டாலர் கொடுப்பதாக 1999-ல் முடிவாயிற்று. 2010 வரை அவகாசம் இருந்தும், 17 மாதம் முன்பாகவே, அதாவது 2008-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதியே, பம்பு உபயோகம் தவிர மற்றதற்கு இந்தியா மூடுவிழா நடத்தி விட்டது.

பம்பு கம்பெனிகள் கியாசை மாற்றிக் கொள்ளவும் தனியாக ஒரு கோடி டாலருக்கு மேல் உதவி ஒதுக்கப்பட்டது. 2010-ம் ஆண்டுக்கு மட்டும் பம்புக்காக 343.6 டன் சி.எப்.சி. உபயோகிக்க இந்தியாவுக்கு உலக நாடுகள் அனுமதி கொடுத்தன. அதற்குப் பிறகு வேண்டாம் என்று இந்தியாவே சொல்லிவிட்டது. அதற்குள் சிப்லா, கெடிலா போன்ற கம்பெனிகள் "எச்.எப்.ஏ." என்ற புதுக் கியாசுக்கு மாறிவிட்டன. இதில் குளோரின் கிடையாது. ஓசோனைத் தின்னாது.

"பவர் இல்லையே!"

கியாஸ் மாறியது பலருக்குத் தெரியாது. ஆனால் தொண்டைக்குத் தெரிந்தது.

பழைய கியாஸ் ஜில்லென்று வேகமாகத் தொண்டையில் வந்து அடிக்கும். புதுக் கியாஸ் மெதுவாக, வெதுவெதுப்பாக வரும். "இதில் பவர் இல்லை, டூப்ளிகேட் சரக்கு" என்று உலகம் முழுவதும் நோயாளிகள் சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகம் வீண். தொண்டையில் அடிக்கிற மருந்தால் லாபம் இல்லை. நெஞ்சுக்குள் போவதுதான் கணக்கு.

இன்னொரு பழைய பழக்கமும் இன்று வரை இருக்கிறது. மருந்து தீர்ந்ததா என்று பார்க்க டப்பாவைத் தண்ணீரில் போட்டு மிதக்க விடுவார்கள். இப்போதைய டப்பாவுக்கு அது சரிப்படாது. கணக்கும் தப்பும், மூக்கில் தண்ணீர் போய் அடைப்பும் வரும். 200 அமுக்கு டப்பா என்றால் எண்ணி வைத்துக் கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கூட்டை மட்டும் வாரம் ஒரு தடவை கழுவி உலர்த்தினால் போதும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இதே மாற்றம் அமெரிக்காவில் நோயாளியின் சட்டைப் பையைக் கிழித்தது.

அங்கே பழைய கியாஸ் போட்ட சால்பியூட்டமால் பம்பு 2008-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு நின்றது. மலிவு விலைப் பம்புகள் எல்லாம் கடையை விட்டு மறைந்தன. புதுக் கியாஸ் பம்புக்கு உரிமைப் பட்டயம் வைத்திருந்த சில கம்பெனிகள் மட்டுமே களத்தில் நின்றன. இன்சூரன்ஸ் இருக்கிற நோயாளியே 2004-ல் ஒரு பம்புக்குக் கையில் இருந்து சராசரி 13.60 டாலர்தான் கொடுத்தார். தடை வந்த உடனே அது 25 டாலர் ஆயிற்று.

மருந்து அதேதான். மாறியது கியாஸ் மட்டும்தான்!

இந்தியாவில் ஏன் அப்படி ஆகவில்லை? இங்கே பம்பு தயாரிக்கும் கம்பெனிகள் பல. 2005 வரை மருந்துப் பொருளுக்கே உரிமைப் பட்டயம் கொடுக்கும் சட்டம் இல்லாததால், அவை தாங்களே செய்து பழகி இருந்தன. கியாஸ் மாற்ற வெளிப்பணமும் வந்தது. மாறுவதற்கு நாளும் இருந்தது. போட்டி இருக்கிற கடைத்தெருவில் ஒருவர் மட்டும் விலையை ஏற்ற முடியுமா?

இரண்டாவது சுற்று

இனிமேல்தான் விஷயமே.

ஓசோனுக்கு நல்ல பிள்ளையான எச்.எப்.ஏ. கியாஸ் வேறு ஒரு தப்பைச் செய்கிறது. பூமியைச் சூடாக்குகிறது. பம்பில் அதிகம் போடும் 134ஏ என்ற கியாஸ், கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு சூடேற்றக் கூடியது. 227 என்ற இன்னொரு கியாஸ் 3,000 மடங்கையும் தாண்டும். இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவத் துறை வெளிவிடும் மொத்த வெப்ப வாயுவில் சுமார் 3 சதவீதம் பம்பினால் வருவது என்று கணக்கு.

2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டுத் தலைநகர் கிகாலியில் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2021-ல் இந்தியா ஒப்புக் கொண்டது.

அதன்படி இந்தியாவில் இந்த இனத்துக் கியாசின் அளவு 2028-ல் அப்படியே நிறுத்தப்படும். 2032-ல் 10 சதவீதம், 2037-ல் 20, 2042-ல் 30, 2047-ல் 85 சதவீதம் குறைய வேண்டும்.

"2047-க்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறதே" என்று சொல்லலாம். அங்கேதான் ஏமாறக் கூடாது.

பெரிய வாடிக்கைக்காரர் போனால்?

இதைக் கடைக்காரர்களுக்கு விளக்க வேண்டியது இல்லை. தினமும் 10 மூட்டை வாங்குகிற ஓட்டல்காரருக்காகத்தான் மொத்த வியாபாரி ஒரு சரக்கை வரவழைப்பார். கால் கிலோ வாங்குகிறவருக்கும் அதில் கிடைக்கும். ஓட்டல்காரர் வேறு சரக்குக்கு மாறிவிட்டால் கால் கிலோ கேட்பவருக்கு யார் லாரி அனுப்புவார்?

134ஏ கியாசில் பெரிய வாடிக்கைக்காரர் பிரிட்ஜும் கார் ஏ.சி.யும்தான். பம்புக்குப் போவது சொற்பம். அதுவும் மருந்துத் தரத்தில் சுத்தம் செய்தது வேண்டும். ஐரோப்பாவில் கார்க்காரர்கள் ஏற்கனவே மாறிவிட்டார்கள். அங்கே பம்புக்கு இருந்த விலக்கையும் எடுத்துவிட்டு 2025 முதல் கோட்டாவில் சேர்த்துவிட்டார்கள். உலகத்தில் தயாரிப்பு சுருங்கினால், விதி தொடுவதற்கு முன்பே விலை தொட்டுவிடும்.

மாற்றுக் கியாஸ் தயார்தான். 152ஏ என்று ஒன்று. அதன் சூடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1234இசட்.ஈ. என்று இன்னொன்று. அதற்குச் சூடேற்றும் குணம் அநேகமாக இல்லை. இந்தக் கியாஸ் போட்ட பம்பு ஒன்றுக்கு 2025-ல் இங்கிலாந்தில் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் இவற்றைக் கையில் வைத்திருப்பது வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள். இந்தத் தடவை இந்தியாவிலும் பட்டயச் சட்டம் இருக்கிறது!

முதல் சுற்றில் இந்தியாவைக் காப்பாற்றியது போட்டி. இரண்டாவது சுற்றில் அந்தப் போட்டிக்கே ஆபத்து வரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, விலை. சால்பியூட்டமால் பம்பும், நோயைக் கட்டுக்குள் வைக்கும் புடசோனைட் பம்பும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அரசு உச்சவிலை வைக்கிறது. "இது புதுக் கியாஸ், தனி விலை கொடு" என்று நாளைக்குக் கம்பெனிகள் கேட்டால், அரசு இப்போதே பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கோட்டா. பிரிட்ஜுக்கும் பம்புக்கும் ஒரே தராசு கூடாது. 2000-ம் ஆண்டு விதியில் கொடுத்த மாதிரி, பம்புக்கு என்று தனிப் பங்கு ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, கியாசே இல்லாத வழி. குப்பியில் மாத்திரையைப் போட்டு உடைத்து, பொடியை உறிஞ்சும் "ரோட்டாஹேலர்" இந்தியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. எந்தக் கியாஸ் ஒப்பந்தமும் அதைத் தொடாது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. வேகமாக உறிஞ்சத் தெம்பு வேண்டும். கைக்குழந்தைக்கு முடியாது. இழுப்பு முற்றி மூச்சு அடைத்துக் கிடப்பவருக்கும் கஷ்டம். அவர்களுக்குப் பம்புதான் கதி. ஆகவே டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

கோட்டுச்சேரிக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. நாலா பக்கமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த மாவட்டம் காரைக்கால். ஆனால் அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கும் உத்தரவு 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் போட வேண்டும். வெளியில் விலை ஏறினால் கூலிக்காரர் நம்புவது அரசு ஆஸ்பத்திரி ஜன்னலைத்தான். அங்கே பம்பு தவறாமல் கிடைக்க வேண்டும்.

பம்பை நிறுத்தாதீர்கள்

இதைப் படித்துவிட்டு "பம்பு பூமிக்குக் கெடுதலாமே" என்று யாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒரு நோயாளியின் பம்பை விட அவர் இழுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுப்பதுதான் எல்லோருக்கும் நஷ்டம்.

உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா சாவில் 42 சதவீதம் இந்தியாவில் நடக்கிறது. டாக்டர்கள் சொல்லும் முக்கியக் காரணம், இழுப்பு வந்தால் மட்டும் பம்பு அடிப்பது. தினமும் எடுக்க வேண்டிய மருந்தை விட்டுவிடுவது. "பம்பு பழகினால் விடாது" என்று பயப்படுவது.

இப்போது விலை கட்டுக்குள் இருக்கும்போதே இப்படி. விலையும் ஏறினால்?

ஓசோன் ஓட்டை ஆறி வருகிறது. தென்துருவத்துக்கு மேலே 2066 வாக்கில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்த வெற்றியில் இந்திய ஆஸ்துமா நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் பம்பை மாற்றிக் கொண்டார், மூச்சை இழக்கவில்லை.

அடுத்த மாற்றமும் அதே மாதிரி நடக்க வேண்டும். 2028 கிட்டத்தில் வந்துவிட்டது. டெல்லியில் விதி எழுதுகிறவர்கள், மார்கழி ராத்திரியில் தலையணைக்கு அடியில் துழாவும் அந்தக் கையையும் நினைவில் வைத்து எழுதினால் நல்லது.